கயிறு கட்டாத கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, டவுன் பூங்காவில் ஓர் ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கரை முழுக்கத் தூண்டில் போடுகிறவர்கள், நடுவில் சுற்றுலா வந்தவர்களின் மிதிபடகுகள். போன வருடம் அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன், நாற்பத்தாறு வயதில், ஒரு பேடல் போர்டோடு. நின்றுகொண்டே துடுப்புப் போடுகிற, காற்றடைத்த நீளப் பலகை அது.

தோட்டத்து அலுவலகத்தில் நான் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. உட்கார்ந்தே இருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, அதற்காக வாங்குகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், ஒருத்தி அதன்மேல் நின்று சிரிக்கிற படம் ஒன்றைப் போனில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பலகை வந்து சேர்வதற்குள் இருபது வீடியோவாவது பார்த்திருப்பேன். தேநீர் நேரத்தில் உடன் வேலை செய்பவர்களுக்கு வகுப்பே எடுத்தேன். தூண்டில்காரர்களை விட்டு விலகிப் போக வேண்டும், படகு நெருங்கினால் மண்டியிட வேண்டும், பலகையையும் காலையும் கயிற்றால் பிணைக்க வேண்டும். கேட்டவர்களில் ஒருவரிடமும் பலகை கிடையாது.

முதல் நாள் என் நாத்தனார் துணைக்கு வந்தாள். படம் எடுக்க வசதியாக அவளை ஒரு மிதிபடகில் ஏற்றிவிட்டேன்.

“அண்ணி, அந்தக் கயித்த கால்ல மாட்டலையா?”

“எழுந்து நின்னுட்டு மாட்டிக்கிறேன்லா. நான் எத்தன வீடியோ பாத்திருக்கேன் தெரியுமா?”

“அப்ப ஜாக்கெட்டு?”

மிதவை ஜாக்கெட்டைப் போட்டால் வயிறு பெரிதாகத் தெரிந்தது. அதைப் பலகையின் முன்பக்கத்து ரப்பர் பட்டையில் செருகியிருந்தேன். “கைக்கெட்டுற தூரத்துலதான இருக்கு,” என்றேன்.

எழுந்து நின்றேன். நின்றதே பெரிய காரியமாக இருந்ததால் கயிறு மறந்துபோனது. மதியத்துக்கு மேல் காற்று எழும்பி, என்னை நேராகத் தூண்டில்காரர்களின் பக்கம் தள்ளியது. கரையிலிருந்து ஒரு சீனக் கிழவர் கைகளை வீசி ஏதோ கத்தினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கையசைத்தேன். துடுப்பு இருந்த கை அது.

அடுத்த கணம் தண்ணீருக்குள் இருந்தேன். மலைத் தண்ணீரின் குளிரில் நெஞ்சு இறுகி, மூச்சு உள்ளே போகவே இல்லை. எனக்கு நீச்சல் தெரியும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது பலகை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அதன்மேல் என் ஜாக்கெட் பத்திரமாகப் பயணம் செய்துகொண்டிருந்தது. உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தேன். தண்ணீர்தான் உள்ளே போனது. அப்போது வந்த பயம் விளையாட்டல்ல.

நாத்தனார் வெறிபிடித்தவள்போல் மிதித்து வந்தாள். பக்கத்து இருக்கையில் கிடந்த, படகோடு கொடுத்திருந்த இன்னொரு ஜாக்கெட்டை என்மேல் வீசினாள்.

“அதக் கட்டிப் புடிச்சுக்குங்க! படகுல ஏறாதீங்க அண்ணி, கவுந்துரும்! பின்பக்கம் புடிச்சுக்கிட்டு வாங்க!”

பிடித்துக்கொண்டேன். அவள் மிதிக்க மிதிக்க, நான் பின்னால் மிதந்து போனேன். தூண்டில்காரர்கள் ஒவ்வொருவராகத் தூண்டில் நரம்பைச் சுருட்டி எங்களுக்கு வழிவிட்டார்கள். மீன் ஒன்றும் அந்தப் பக்கம் மிஞ்சியிருக்காது.

கரையேறியதும் அந்தக் கிழவர் தன் துண்டைக் கொடுத்தார். குடுவையிலிருந்து சுடச்சுடக் காப்பி ஊற்றித் தந்தார். “மாஃப், அங்கள்,” என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் வெறுங்காலைக் காட்டி, “தாலி மானா?” என்றார். மலாயில், கயிறு எங்கே என்று அர்த்தம். நான் காப்பியைக் குடித்தேன்.

இப்போதெல்லாம் காற்று எழும்புவதற்கு முன், காலையிலேயே போய்விடுகிறேன். ஜாக்கெட்டின் பட்டைகளையும் கால் கயிற்றையும் நாத்தனார் இழுத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் இறங்க அனுமதி. விழாத நாள் இன்னும் வரவில்லை. ஆனால் விழுந்தால் பலகை பக்கத்திலேயே நிற்கிறது. அதன்மேல் திரும்ப ஏறுவதுதான் பாடு. வயிற்றால் ஊர்ந்து, காலை உதைத்து, முனகிக்கொண்டே நான் ஏறுவதைப் பார்க்க, மிதிபடகுகள் கொஞ்சம் நின்றுதான் போகின்றன.