சிவப்புக் கோடும் பொரிக்காத மீனும்

எங்கள் வீட்டு வாசல் கேற் துருப்பிடித்துக் கிடக்கிறது. கடைசியாக எப்போது பெயின்ட் கண்டது என்று அதற்கே நினைவிருக்காது. ஆனால் என் கணவர் பெயின்ட் அடிப்பதில் கெட்டிக்காரர் என்று ஊருக்கே தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கும் மொடல் கார்களுக்குத்தான் அடிப்பார்.

கடையில் வாங்கிய காரை அப்படியே வைத்திருக்க அவருக்கு மனம் வராது. அடியில் உள்ள ஆணியைத் துளைத்துக் கழற்றி, பழைய நிறத்தை உரித்து, வெறும் உலோகமாக்கிவிட்டுப் புதிதாக நிறம் கொடுப்பார். வேலை சீனன்குடாவில். மற்ற நேரமெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில், என் குசினி மேசையில். துறைமுகக் காற்றில் ஈரம் கூடினால் ஸ்பிரே அடித்த நிறம் வெளுத்துவிடுமாம். அதனால் கடலுக்குப் போகிறவர்களைவிட அதிகமாக வானத்தைப் பார்க்கிறவர் எங்கள் தெருவில் இவர்தான். உடுப்புக் காயப்போடலாமா என்று நானும் இவரிடம்தான் கேட்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெயின்ட் காயும் நாளில் மீன் பொரிக்கக்கூடாது என்ற சட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எண்ணெய்ப் புகை பட்டால் மினுக்கம் போய்விடுமாம். வாசலுக்கே மீன் வருகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு சின்னக் காருக்காகப் பருப்பும் சோறும் தின்றிருக்கிறோம்.

"இஞ்சேருங்கோ, இந்த வீட்டில காரோ பெரிசு, மனுசரோ பெரிசு?" என்று கேட்டால், "நாளைக்குப் பொரிக்கலாம்தானே" என்பார், தலை நிமிராமல்.

மூதூரில் அவருக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். முழங்கால் வலியால் கார் ஓட்ட முடியாமல், வாடகைக்கு ஓடிய தன் வெள்ளைக் காரை அவர் விற்றுவிட்டார். "அதே மாதிரி ஒண்டு செஞ்சி தா மச்சான், பாத்துக்கிட்டாவது இருப்பன்" என்று இவரிடம் கேட்டார். இரண்டு பக்கமும் ஓடுகிற மெல்லிய சிவப்புக் கோடுதான் அந்தக் காரின் அடையாளம்.

வெள்ளை நன்றாக வந்தது. சிவப்புக் கோடுதான் வரவில்லை. முதல் கோடு நெளிந்தபோது ஃபான் காற்றில் பிழை கண்டார். துடைத்துவிட்டு மறுபடி கோடு கீறினார், அதுவும் நெளிந்தது. அப்போது தூரிகையில் பிழை. மூன்றாவது கோடும் கோணியதும், நான் சட்டி கழுவும் சத்தத்தில் பிழை என்றார்.

"கை நடுங்குதோ?" என்று கேட்டேன்.

"கையோ? கைக்கென்ன?" என்றவர், கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளாகத் தேத்தண்ணிக் கோப்பை அவர் பிடிக்கும்போது சாசரில் தட்டுப்பட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நோய் ஒன்றுமில்லை, சிலருக்கு வயதோடு வருவதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கோணல் கோட்டோடு காரை அலுமாரிக்குள் வைத்தார். பெயின்ட் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். "இனிப் போதும். ஆருக்கும் குடுத்துவிடுவம். உனக்கும் குசினி வேணும்தானே?" என்று சொல்லிவிட்டுப் பின்னேர வேலைக்குப் போய்விட்டார்.

எத்தனை நாள் கேட்ட வரம்! அடுப்பில் சட்டியை வைத்து ஆசை தீர மீன் பொரித்திருக்க வேண்டும். வெறும் மேசையைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

நான் கலியாண வீடுகளுக்குக் கேக்கில் ஐசிங் பூப்போட்டுக் கொடுக்கிறவள். போடுவது இடக்கையால். சிறுவயதில் அந்தக் கைக்கு விழாத அடியில்லை. இன்றைக்கும் கலியாண வீட்டில் சோறு பரிமாறும்போது யாராவது முகம் சுளிப்பார்கள். அவர் போனதும் காரை எடுத்தேன். காயாதிருந்த கோட்டை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்தேன். அவருடைய லாம்பு மேசையின் இடப்பக்கம் நிற்கும். வலக்கைக்காரருக்கு அதுதான் வசதி. எனக்கோ என் கையின் நிழலே கார்மேல் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நிழலுக்குள்ளேயே இரண்டு பக்கமும் கீறி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

வேலையால் வந்தவர் அலுமாரியைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். "காய்ஞ்சாப்பிறகு கோடு நேராகிட்டுது" என்றார்.

"பெயின்ட் எண்டால் அப்பிடித்தான் போல" என்றேன் நான். கோணல் கோடு காய்ந்தால் நிமிரும் என்று நம்புகிற மேதையைக் கட்டியிருக்கிறேனே என்று எனக்குள் சிரிப்பு.

நானா வந்தார். காரைக் கையில் வாங்கி, சிவப்புக் கோட்டை விரலால் மெல்லத் தடவினார். "அல்லாஹ்வே, என்ட காரேதான்! உன்ட கைக்கு இன்னும் வயசு போகல்ல மச்சான்" என்றார். இவர் அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்துப் பாராட்டை முழுசாக வாங்கிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணியை மேசையில் டக்கென்று வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த கிழமை, அவர் வேலைக்குப் போன பிறகு மேசை துடைக்கப் போனேன். போத்தல்கள் பெட்டியை விட்டு வெளியே வந்திருந்தன. ஒரு நீலக் கார், கோடு மட்டும் இல்லாமல், நடுவில் நின்றது. லாம்பைக் காணவில்லை என்று தேடினால், அது வலப்பக்கம் நின்றது. சுவரில் புதிதாக ஆணி அடித்து வயரைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். பெயின்ட் போத்தலும் ஒரு புதுத் தூரிகையும் இடப்பக்கம் இருந்தன. அந்த வெளிச்சத்தில் வலக்கையால் கீறினால் நிழல் விழும். இடக்கைக்கு விழாது.

அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என் இடக்கையை மாற்றப் பார்த்தவர்கள்தான் எத்தனையோ பேர். அதற்காக ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தவர் அதுவரை யாருமில்லை.

பின்னேரம் பையோடு வாசலில் நின்றார்.

"நல்ல பாரை மீன் வாங்கி வந்தனான். பொரிப்பமோ?"

"ஏலாது" என்றேன். "பெயின்ட் காயுது."