முள் கிழித்தது என்றான்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம். நான் சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்கள் கால்பந்து டீமுக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, தருமபுரியில் ஒரு நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடிய கரிவாயு பஸ்ஸைத் தொப்பூர் மேட்டில் இறங்கித் தள்ளி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

டீமில் எல்லோரும் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். எனக்கு மட்டும் பெங்களூர் மாமா வாங்கித் தந்த பூட்ஸ் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே. அதன் அடியில் இருந்த தோல் குமிழ்கள் அந்த வருஷம் தேய்ந்துபோயின. யுத்த காலத்தில் புதுசுக்கு எங்கே போவது? எங்கள் சென்டர் ஃபார்வர்டு காரிமங்கலம் பக்கத்துக்காரன், என் உயிர்ச் சிநேகிதன். லீவில் நான் அவன் ஊருக்குப் போயிருந்தபோது, "சந்தையில மாட்டுக்கு லாடம் கட்டறவரு இருக்காரு, வாடா. நீயும் ஒரு காளைதானே" என்று கிண்டலடித்துக் கூட்டிப்போனான். லாடக்காரர் பழைய தோலை அடுக்கி லாட ஆணியால் அறைந்து கொடுத்தார். எங்கள் டிரில் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஆணியோட மைதானத்துல கால் வெச்சே, நீ டீம்லயே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

கேட்டேனா? தருமபுரியில் ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலை, வாத்தியார் காபி குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு இறங்கினேன். மாடு மேயும் மைதானம் அது. பந்துக்குப் பாய்ந்ததில் ஆணி என் சிநேகிதன் கெண்டைக்காலில் ஏறிவிட்டது. ரத்தத்தைத் துடைக்கக் குனிந்தேன். அவனோ, "ஒண்ணும் ஆவல, வுட்றா. மொதல்ல அந்தப் பூட்ஸைக் கழட்டி ஒளிச்சு வெய்யி" என்றான்.

வாத்தியாரிடம், வேலி முள் கிழித்துவிட்டது என்று சொன்னான். அவர் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் தெளிவாகத்தான் கேட்டார். "இரும்பு ஏதாவது பட்டுதா தம்பி? பட்டிருந்தா ஊசி போட்டே ஆகணும். மருந்து தட்டுப்பாடு, அதான் கேட்டுப் போடறேன்."

"இல்லீங்க, முள்ளுதானுங்க" என்றான் அவன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இறுதி ஆட்டத்தில் ஆடவேண்டும் என்ற ஆசை. பாவி, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! டிங்சர் தடவிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இறுதி ஆட்டத்தன்று காலை ஹாஸ்டலில் அவனால் இட்லியை வாயில் வைக்க முடியவில்லை. தாடை திறக்கவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார்கள். ஆணி குத்தியது என்று அப்போதுதான் சேலத்து டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சாயங்காலம் ஜெயித்த கோப்பையோடு ஓடினோம். அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைகிறது, யாரும் பேசாதீர்கள் என்று தடுத்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுகூட அவனிடம் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். பத்தொன்பது வயசு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். காரியம் முடிந்ததும் அவன் அப்பா கையில் கொடுவாளோடு என்னிடம் வந்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துப் பின்வாங்கினேன்.

"அது எந்த முள்ளுன்னு வந்து காட்டு கண்ணு. இன்னொரு வூட்டுப் புள்ளைக்கு இப்பிடி ஆவக்கூடாது" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தருமபுரிக்குக் கூட்டிப்போய், மைதானத்து ஓரமிருந்த வேலமுள் வேலியை மனசு கூசாமல் காட்டினேன். அவர் வெட்ட ஆரம்பித்தார். வேலிக்குச் சொந்தக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு அரிவாளை எடுத்து வந்து கூடவே வெட்டினார். வெட்டிப் போட்டதையெல்லாம் நான் இழுத்துக் குவித்தேன். கையெல்லாம் கீறி ரத்தம்.

அதைப் பார்த்ததும் அவன் அப்பா பதறிப்போனார். "ஐயோ, உனக்கும் குத்திடுச்சா! வா கண்ணு, ஊசி போட்டுக்கலாம்" என்று அதே ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துப்போனார். அதே டாக்டர். "இந்தப் புள்ளைக்காவது போடுங்க சாமி" என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். போட்டார்கள். அவனுக்குப் போட்டிருக்க வேண்டிய ஊசி எனக்கு ஏறியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெரியவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவரிடம் சொல்லாததை இன்று முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன், ஆனால் மனசு ஆறவில்லை. இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லையே.