சில்வஸ்டரின் கசிவில்லாத கப்பல்

நடுவட்டம் தேயிலை ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்த சில்வஸ்டருக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. எந்தக் குழாயில் நீராவி கசிந்தாலும் சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற மனிதர் சும்மா இருந்திருக்கலாம். இரண்டடி நீளத்தில் ஒரு நீராவிப் படகு செய்தார். பாய்லர் ஒரு சொம்பு அளவு. அதற்காக விதிமுறை சுருங்கிவிடுமா? சமையலறையில் அதற்குத் தீ மூட்டுமுன் விசில் ஊதுவார். மனைவி தபித்தாள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வெளியேறியாக வேண்டும். நேரம், அழுத்தம் எல்லாம் பதிவேட்டில் ஏறும்.

ஆனால் படகு கசிந்தது. மூன்று வாரம் அரைவேக்காட்டுச் சோறு வடித்த தபித்தாள் கெடு வைத்தாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் இதை ஃபேக்டரி குளத்துல உடுங்க. அக்கரை போச்சுன்னா ஷோகேஸ்ல வெச்சுக்கலாம். போகலீன்னா பழைய இரும்புக்காரருக்குத்தான்."

சொன்னால் செய்கிறவள் அவள். அவருடைய பழைய ஸ்கூட்டர் அப்படித்தான் போனது.

கசிவைத் தேடுவதிலும் வம்பு. ஜன்னல் வழியே மேகம் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எது மேகம், எது சோற்றுப்பானை ஆவி, எது படகின் ஆவி என்று யார் பிரிப்பது? கண்ணுக்குத் தெரியாத கசிவை ஃபேக்டரியில் துடைப்பக் கட்டையை நீட்டித் தேடுவார்கள்; ஆவி பீறிடும் இடத்தில் கட்டை வெட்டுப்படும். இங்கே ஒற்றை ஈர்க்குச்சியை இணைப்பு இணைப்பாக நகர்த்தினார். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வாயைத் திறந்தது. திடீரென்று, "உஸ்ஸுனு கேக்குது!" என்று துள்ளினார். அது தபித்தாளின் மூச்சிரைப்பு. கோயில் படி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நிற்கிறவள் அவள்.

"கொஞ்ச நேரம் மூச்ச அடக்கு புள்ள."

"எதுக்குங்க? ஒரேயடியா நிறுத்திரட்டுமா?"

சனிக்கிழமை கசிவு அகப்பட்டது, பிஸ்டன் தண்டு வெளியே எட்டிப்பார்க்கும் இடத்தில். கிரீஸில் ஊறிய பருத்தி நூலைச் சுற்றித் திணித்து முடுக்கினார். படகு ஊமையானது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குளத்தின்மேல் மேகம் இறங்கியிருந்தது. படகு பத்தடி போனது, அப்புறம் காணோம். சில்வஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சத்தமும் இல்லை. இருந்த ஒரே சத்தத்தையும் அவரே அடைத்துவிட்டாரே! தபித்தாளை அங்கேயே நிறுத்திவிட்டு, குளத்தைச் சுற்றி அக்கரைக்கு ஓடினார். கால்மணி நேரம் காத்திருந்தார். பழைய இரும்புக்காரரின் தராசு கண்முன் ஆடியது.

அப்போது கேட்டது: உஸ்... உஸ்... தண்ணீரிலிருந்து அல்ல, கரையோரமாக. நாலு இடத்தில் நின்று நின்று நெருங்கியது. பிறகு மெல்லிதாக ஒரு தொபுக்.

"ஏனுங்க! இங்க பாருங்க, வந்து சேந்துருச்சு!"

போய்ப் பார்த்தார். படகு ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தபித்தாளின் சால்வையெல்லாம் ஈரம், எண்ணெய்க் கறை. புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்து அவள் காலடியில் முட்டியிருக்க வேண்டும்; அதைச் சால்வையில் அணைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்திருக்கிறாள். சில்வஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; பார்த்தால் அழுதுவிடுவார். பதிவேட்டை எடுத்து எழுதினார்:

"காலை 10.40. அக்கரை சேர்ந்தது. கசிவுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை."