பொங்குவதற்குள் அணைத்த அடுப்பு

சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் பூவம்மாவிடம் மாட்டிக்கொண்ட யாரும் சின்னப் பானையோடு வீடு திரும்பியதில்லை. "புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போறீங்க, இத்தனூண்டு பாத்திரத்துலயா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். வந்தவர்கள் கூச்சப்பட்டுப் பெரியதையே எடுப்பார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: "பால் பொங்கி வழியணும். அதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சா சகுனம் கெட்டுப்போயிடும்."

இத்தனை வருஷத்தில் சொந்தக் குடும்பத்துக்கென்று அவர் ஒரு பானை எடுத்துக் கொடுத்ததில்லை. கணவர் இறந்த பிறகு குவீன்ஸ்டவுனில் அண்ணன் இராமசாமியின் வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் மகள் சிவானி அவர் இடுப்பிலேயே வளர்ந்தவள். அவளுக்கும் கணவன் ரித்திக்குக்கும் பாசிர் ரிஸ்ஸில் அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீடு கிடைத்ததும், "பானை என்னோடது. யாரும் குறுக்கே வராதீங்க" என்று சொல்லிவிட்டார். கடையின் மேல்தட்டில் இருந்த அகலமான பித்தளைப் பானையை வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனார்.

புது வீட்டில் சாமி படமும் குத்துவிளக்கும் தவிர வேறொன்றும் இல்லை. சமையலறையில் மேடை கட்டவில்லை, கேஸ் இணைப்பும் வரவில்லை. தரையில் பலகை போட்டு அதன்மேல் ரித்திக் ஒரு போர்ட்டபிள் அடுப்பை வைத்திருந்தான். மேசையில் வைத்து, கொதிக்கும் சூப்பில் கறியும் காயும் வேகவைத்து ஸ்டீம்போட் சாப்பிடுவார்களே, அந்த மாதிரி அடுப்பு. ஒரு பக்கம் பர்னர், இன்னொரு பக்கம் தகர மூடிக்குள் கேஸ் டப்பா.

அடுப்பின்மேல் பானையைப் பார்த்ததும் சிவானி தயங்கினாள். "அத்தை, இது இந்த அடுப்புக்குப் பெருசு லா. டப்பா மேலயே வந்து நிக்குது பாருங்க. நான் சின்னது ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

அவள் காட்டியது கைப்பிடி வைத்த சின்னச் சட்டி. பூவம்மாவின் முகம் வாடிவிட்டது. "நூடல்ஸ் அவிக்கிற சட்டியிலயா முதல் பால் காய்ச்சுவ?"

"விடு சிவானி, அத்தை ஆசையா கொண்டுவந்திருக்கு" என்றார் இராமசாமி. "நல்ல நேரம் போயிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல என்ன ஆகிடப் போகுது?"

சிவானி பித்தளைப் பானையிலேயே பாலை ஊற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்து தீயை அலைக்கழித்தது. இராமசாமி ஜன்னலைச் சாத்தினார். அப்படியும் தீ ஆடவே, பூசைக்குக் கொண்டுவந்த பூத்தட்டை எடுத்து அடுப்பை ஒட்டி நிறுத்தி மறைத்தார். தீயைப் பெரிதாக்கினார்.

பால் அசையவில்லை. அவ்வளவு அகலப் பானையில் அது எப்போது சூடேறுவது?

"மாமா, பால் உங்களை மாதிரியே இருக்கு. கிளம்பவே மாட்டேங்குது" என்றான் ரித்திக்.

"நீ ஆர்டர் போட்டு இன்னும் வராத கட்டிலை விட வேகம்தான்" என்றார் இராமசாமி.

எல்லாரும் சிரித்தார்கள். பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள்கொத்து நழுவுவதைப் பார்த்து, சரிசெய்யப் பூவம்மா குனிந்தார். அவர் புறங்கை கேஸ் டப்பாவின் மூடியில் பட்டது.

தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுரீரென்றது.

பானையில் பட்ட சூடெல்லாம் கீழே திரும்பி, தட்டுக்கும் பானைக்கும் நடுவில் அடைபட்டு, டப்பாவைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தது. பாலின் ஓரத்தில் அப்போதுதான் முதல் குமிழிகள் வந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பொங்கிவிடும். அணைத்தால், எத்தனையோ பேரிடம் தன் வாயாலேயே சொன்ன கெட்ட சகுனம். அதுவும் சிவானியின் வீட்டில், தன் பானையில்.

பூவம்மா திருகைத் திருப்பி அணைத்தார்.

"என்ன பண்ற பூவு!" என்று அண்ணன் கத்தினார். "பால் பொங்கலையே!"

"டப்பா கொதிக்குது அண்ணே. வெடிச்சா சகுனத்தை யாரு வந்து பார்க்கிறது? எல்லாரும் வெளியே போங்க. சிவானி, நட!"

வெளிநடையில் நின்றார்கள். உள்ளே எந்தச் சத்தமும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ரித்திக் போய்த் தட்டை விலக்கி, பானையை இறக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தான். அடுப்பின் மூடியில் ஒட்டியிருந்த படத்தைச் செல்பேசியில் பிடித்து வந்து காட்டினான். டப்பாவை மறைத்து நிற்கும் ஒரு பெரிய பாத்திரம், அதன்மேல் சிவப்புக் கோடு. பூவம்மா சுட்ட புறங்கையை அப்போதுதான் பார்த்தார். சிவானி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகலையே அத்தை. விடுங்க."

டப்பா நன்றாக ஆறியபின், பித்தளைப் பானையிலிருந்த பாலில் கொஞ்சத்தைப் பூவம்மாவே நூடல்ஸ் சட்டியில் ஊற்றினார். சட்டி பர்னருக்குள் அடக்கமாக நிற்பதைப் பார்த்தபின் அடுப்பை மறுபடி பற்றவைத்தார். நல்ல நேரம் முடிந்துபோயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் நுரைத்து எழுந்து, நாலு பக்கமும் வழிந்தது.

"பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!" சிவானி கைதட்டினாள். இராமசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரித்திக் படமெடுக்க எல்லாரையும் சாமி படத்தருகே கூப்பிட்டான்.

பூவம்மா மட்டும் நகரவில்லை. வழிந்த பால் தீயை அணைத்துவிட்டிருந்தது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. திருகை மூடிவிட்டு, அந்தச் சத்தம் நின்றதைக் காதுகொடுத்துக் கேட்டபிறகுதான் எழுந்தார்.

காகிதக் கோப்பையில் சர்க்கரை போட்ட பால் குடித்தார்கள். மிச்சப் பாலோடு பித்தளைப் பானை விளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

மறுநாள் கடைக்கு ஓர் இளம் ஜோடி வந்து, புது வீட்டுக்குப் பால் பானை கேட்டது. முதலாளி வழக்கம்போல் மேல்தட்டைப் பார்த்தார்.

"என்ன அடுப்பு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் பூவம்மா.