இடம் மாறி உட்கார மறுத்தேன்

கொரோனா ஓய்ந்து, கல்யாணப் புடவை எடுக்க வெளியூர் ஆட்கள் மறுபடியும் காஞ்சிபுரத்துக்குக் கார் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்த சமயம் அது. எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். வீடு என்றால் கூடம் முழுக்கத் தறி, மிச்சம் மீதி இடத்தில் நாங்கள். ஆடி மாதம் ஒருநாள் காலையில், தறிக்குழியில் இறங்கப்போன என் வீட்டுக்காரர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வாய் கோணிக்கொண்டது. அடித்துப் பிடித்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். பேச்சும் கொஞ்ச நாளில் திரும்பியது. வலது கையும் வலது காலும் மட்டும் வரவில்லை.

எங்கள் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும். பட்டுப்புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்ய ஒரு ஆள் போதாது. குழியில் உட்கார்ந்து மிதியை மிதித்து உடம்பை நெய்கிறவர் ஒருவர். ஓரத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, நூல் வைத்து ஓட்டும் நாடா என்கிற கட்டையால் கரை நூலை உடம்பு நூலோடு ஒவ்வொரு இழையாகக் கோத்துக் கொடுப்பவர் இன்னொருவர். இதற்குக் கோர்வை என்று பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழி அவருக்கு, கோர்வைப் பக்கம் எனக்கு. நாங்கள் சண்டை போட்டது, சமாதானமானது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அந்தத் தறியில் உட்கார்ந்துதான்.

மகளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அப்பாவைப் பார்க்க வந்தவள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டுபோய், "அம்மா, நீ அழுதுக்கினே இருந்தா அப்பா எப்படித் தேறுவாரு? பாசிட்டிவா இரும்மா. அவர் முன்னாடி நெகட்டிவா ஒரு வார்த்தை வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதையாவது பிடித்துக்கொண்டால் லேசில் விடுகிற ஜென்மம் இல்லை நான்.

தினமும் காலையில் குளித்துவிட்டு, குழியோரம் அவர் உட்காரும் பலகையைத் துடைத்துக் குங்குமம் வைப்பேன். யாராவது அதில் உட்காரப் போனால் கத்துவேன். வரதராஜர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்து, "இந்தக் கருட சேவைக்கு நீங்க உங்க கால்ல நடந்து வருவீங்க, பாருங்க" என்பேன். அந்தக் கருட சேவை போய்விட்டது. அடுத்ததற்கு வருவீர்கள் என்றேன்.

அவர் கேட்டதோ வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கட்டிலில் சாய்ந்துகொண்டு தறியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, நீ குழியில எறங்கேன். நான் கோர்வை போடறேன். எடது கை நல்லாத்தானே இருக்குது" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! "இன்னா பேச்சு பேசறீங்க? நீங்க எழுந்து வந்து உங்க எடத்துல உக்காரப் போறீங்க. நெகட்டிவா பேசாதீங்க!" என்று கத்தினேன்.

"இதுல இன்னாம்மா நெகட்டிவ்? வேலை தானே கேக்கறேன்" என்றார் மனுஷன், சாதுவாக.

எனக்கு நெய்யத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். அவர் டீ குடிக்கப் போகும்போது எத்தனையோ முறை நானே இறங்கி நெய்திருக்கிறேன். எங்கள் தெருவில் குழியில் உட்கார்ந்து நெய்கிற பெண்கள் ஏகப்பட்ட பேர். ஆனால் அவர் கட்டிலில் படுத்திருக்கும்போது அந்தப் பலகையில் நான் உட்கார்ந்தால், இனி அவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குத்தான் நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தேன்.

அவர் மறுபடி கேட்டார். அப்புறமும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே நெகட்டிவ் பாட்டைப் பாடி வாயை அடைத்தேன். தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டு நூல், அதாவது பாவு, பாதி நெய்தபடி அப்படியே கிடந்தது. பாவு கொடுத்த முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார். "அவர் வந்து முடிப்பார்" என்றே சொல்லி அனுப்பினேன். அவரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? கடைசியில் அறுத்து எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டில் கொடுத்துவிட்டார். வயிறு சும்மா இருக்குமா? நான் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கோர்வை போட தினக்கூலிக்குப் போனேன். இதைக் கேளுங்கள். என் புருஷன் வீட்டில் வேலைக்கு ஏங்கிக்கொண்டு கிடக்கிறார், என் தறி வெறுமையாக நிற்கிறது, நான் போய் இன்னொருத்தர் தறியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். இதற்குப் பெயர் பாசிட்டிவாம்!

ஒருநாள் அந்த வீட்டில் கரண்டு போய் ஜரிகை சரியாகத் தெரியவில்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வரும்போது உள்ளே டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், தரையில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கட்டிலிலிருந்து எப்படி இறங்கினாரோ தெரியாது. இடது கையில் என்னுடைய கரை நாடா. அதைத் தரையோடு தரையாகத் தள்ளிவிடுகிறார், எதிரே போட்டிருந்த மணையில் இடித்து நிற்கிறது, நூலைப் பிடித்து இழுத்து மறுபடியும் தள்ளுகிறார். விரல் ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "வருதும்மா. பாரேன், கை பழகிடுச்சி" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாடாவைப் பிடுங்கி, அவர் கைக்கு எட்டாத உயரத்தில் பரண்மேல் வைத்தேன். "விழுந்து கிழுந்து வச்சி இந்தக் கையும் போனா இன்னா பண்ணுவீங்க? சும்மா ரெஸ்ட் எடுங்க" என்றேன். டாக்டர் நல்ல கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை.

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. டிவியைப் போட்டால் பார்ப்பார், நிறுத்தினால் சுவரைப் பார்ப்பார். சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டார். தெருவில் யாராவது விசாரித்தால், "ரெஸ்ட்ல இருக்காரு, தேறிக்கினு வராரு" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஓரிக்கையில் இருக்கும் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாபா, எப்படி இருக்கற? இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"நானா? காத்துக்கினு இருக்கேன்பா" என்றார் இவர். "எவனோ ஒருத்தன் வரணுமாம், ரெண்டு கையும் நல்லா இருக்கறவன். அவன் வந்தாத்தான் எங்க ஊட்டுல தறி ஓடுமாம். அவனுக்கு தினம் பலகையத் தொடச்சி, குங்குமம் வச்சிக்கினு உக்காந்திருக்கா என் பொண்டாட்டி. நானும் கூடவே காத்துக்கினு இருக்கேன்."

சிநேகிதர் சிரித்தார். இவரும் சிரித்தார். உள்ளே சட்டியைச் சாய்த்த என் கை அப்படியே நின்றுவிட்டது. வராத ஒருவனுக்காகக் காத்திருந்து, கூடவே இருந்த இவரை நான் ஒரு ஆளாகவே எண்ணவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சிநேகிதர் போனதும் முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்த நாடாவை எடுத்தேன். வாசலுக்கு வந்து அவர் மடியில் வைத்தேன். "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டேன்.

நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல போயி கஞ்சிய வடி. சோறு கொழஞ்சிடப் போவுது" என்றார்.

முதலாளி கையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு பாவு வாங்கினேன். ஓரத்தில் அவருக்கு ஒரு தாழ்வான நாற்காலி, முதுகுக்குத் தலையணை, சாய்ந்துவிடாமல் இருக்கப் பழைய வேட்டியால் ஒரு கட்டு. நான் குழியில் இறங்கி அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். பூமி ஒன்றும் பிளக்கவில்லை.

முதல் நாள் கூத்தைச் சொல்லி முடியாது. பதற்றத்தில் நான் மிதியை மாற்றி மாற்றி மிதித்தேன். "ஏம்மா, நெய்யறியா, சைக்கிள் ஓட்டறியா?" என்றார். அவர் கை ஒரு இழையைக் கோப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. "சீக்கிரம் போடுங்க, பொங்கலே வந்துடும்" என்று நான் விரட்டினேன். "கோர்வைக்காரன வேலை வாங்கறதுக்கு முன்ன டீ குடுக்கணும், தெரியாதா? இத்தினி வருஷம் உனக்கு நான் குடுக்கலையா?" என்று அவர் மல்லுக்கு நின்றார். அந்த முதல் புடவையில் கரை நேராகவா இருந்தது? பாம்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். அடுத்த புடவை பரவாயில்லை. அதற்கடுத்ததில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

குழியில் ஒரு வாரம் உட்கார்ந்ததும் எனக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்தது. வருடக் கணக்காக அவர் முழங்கால் வலி என்று சொன்னபோதெல்லாம், வேலைக்குச் சோம்பல்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறேன். வாயைத் திறந்து அதைச் சொன்னேன். அவரோ ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அடிப்பாவி, இங்கேர்ந்து பாத்தா தெருவே தெரியுதே! நான் குழிக்குள்ள சுவத்தப் பாத்துக்கினு நெய்ய, நீ போறவன் வர்றவனையெல்லாம் வேடிக்க பாத்துக்கினா கோர்வை போட்ட?" என்றார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார், அதுவும் இடது கையாலேயே. வருகிறவர்களிடம், "நான் இப்ப இவங்களுக்கு அசிஸ்டன்ட்டு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மகள் வந்து பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. ஐப்பசி மாதத்தில் அவருக்கு மறுபடியும் வாதம் அடித்தது. இந்த முறை இடது கையும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது.

இப்போது அவர் கட்டிலைத் தறிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். என் ஓரகத்தியின் மருமகள் வந்து கோர்வை போடுகிறாள். நான் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே அவரிடம் பேசிக்கொண்டிருப்பேன், தெருவில் யார் போகிறார்கள் என்று அவளைக் கேட்டுச் சொல்வேன். கண்ணை மட்டும் அசைப்பார். கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஏதாவது கஷ்டம் வந்தால் என்னைக் காட்டுகிறார்கள். "இந்த அக்காவப் பாரு. புருஷன் படுத்துட்டாரு, உடனே குழியில எறங்கிடுச்சு. எவ்ளோ பாசிட்டிவ்!" என்கிறார்கள். உடனே என்கிற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். அப்படி இல்லையம்மா என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறேன். அந்தப் பெண்களுக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை வைப்பது தப்பில்லை. போன நல்லது போன மாதிரியே திரும்பி வர வேண்டும் என்று அடம்பிடித்து, எதிரே இருந்த நல்லதைப் பரணில் தூக்கிவைத்தேனே, அதுதான் தப்பு. கேட்க வாய் இருந்த காலத்தில் அவர் என்னிடம் கேட்டது என் பக்கத்தில் உட்கார ஒரு இடம், அவ்வளவுதான். அதைக் கொடுக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று என்பதை, அவர் கண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.