ஃபிளக்ஸில் போட்ட பட்டப்பெயர்

எங்கள் ஊரில் கல்யாண ஃபிளக்ஸில் மாப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் போடவில்லையென்றால், அவனுக்குக் கூட்டாளிகளே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். செல்லூரில் ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை என்னோடு படித்தவனுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம். மண்டப வாசலில் அவன் பெயரைவிடப் பெரிதாகப் பட்டப்பெயரைப் போட்டவன் நான்தான். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஓரிடத்தில் எழுதிக் கெடுத்தது போதும்.

அந்த இடம், இணையத்தில் இருக்கும் ஒரு கொச்சைச் சொல் அகராதி. யார் வேண்டுமானாலும் சொல்லைச் சேர்க்கலாம், தேடலாம். கல்லூரி நாளில் வேலைவெட்டி இல்லாமல் அவன் பட்டப்பெயரை அதில் ஏற்றினேன். 'பெண்கள் பின்னால் சுற்றிச் செருப்படி வாங்குபவன்' என்று பொருளும் எழுதினேன். அத்தனையும் புளுகு. பெண்களைக் கண்டாலே வாயடைத்து நிற்பவன் அவன், வேடிக்கையே அதில்தான். படித்துவிட்டு அவனும் சிரித்தான். பிறகு நான் அதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெண்ணின் அண்ணன் ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு, இது என்ன பெயர் என்று போனில் தேடியிருக்கிறார். நேராக மாப்பிள்ளை அறைக்கு வந்தார். நான் அவனுக்கு மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள இது? ஒங்களப் பத்தி இம்புட்டு அசிங்கமா போட்ருக்கு?"

போனை வாங்கிப் படித்தான். முகம் செத்துப்போனது. "எவனோ விளையாட்டுக்கு எழுதுனது மச்சான். என்னைய நம்புங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

'நான்தான் எழுதினேன், எல்லாம் பொய்.' நாலு வார்த்தை. சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு அறை விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். அந்த அறைக்குப் பயந்து, கீழே விழுந்த ஊக்கைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பெரியவர்கள் பேசி ஒருவழியாகத் தாலி ஏறியது. பெண் கடைசிவரை தலை நிமிரவில்லை. வெட்கம் என்றார் வீடியோக்காரர். நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

நீக்கச் சொல்லி அந்த அகராதிக்கு எத்தனையோ முறை எழுதிவிட்டேன், பதிலே இல்லை. இன்றைக்குத் தேடினாலும் என் புளுகு ஓர் எழுத்து குறையாமல் வந்து நிற்கிறது.

போன மாதம் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில் அவனையும் அவன் மனைவியையும் பார்த்தேன். இப்போதாவது அந்தப் பெண் காதுபட உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வேகமாகப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நல்லா இருக்கீங்களா? பஸ் வந்துருச்சு, வாரோம்ங்க."

அவன் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.