முத்துப்பேச்சியின் தலையில்லாத கிட்டார்

பாட்டின் நடுவில் முத்துப்பேச்சியின் இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்திக்குப் போவதும் வருவதுமாகக் கூட்டம். மீதி விரல்களை வைத்துச் சமாளித்து முடித்தார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. குழுவை நடத்தும் கண்ணுசாமிக்குத் தெரிந்துவிட்டது.

முத்துப்பேச்சிக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம். பூ விவசாயம் செய்யும் குடும்பம். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, உயரமும் குறைவு. கல்லூரி விடுதியில் அறைத்தோழியின் கிட்டாரை எடுத்து விளையாட்டாகப் பழகினார். கண்ணுசாமியின் மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரர் வராத ஒரு நாளில் மாற்றாளாக மேடை ஏறியவர், அப்புறம் இறங்கவே இல்லை. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும், "கிட்டாரில் முத்துப்பேச்சி" என்று அறிவித்ததும் பெண்கள் பக்கமிருந்துதான் முதல் விசில் வரும்.

கழுத்து நரம்பு அழுந்துகிறது, தோளில் பாரம் ஏற்றக் கூடாது என்றார் டாக்டர். பாரம் என்பது கிட்டார்தான். கெட்டி மரம், நீண்ட கழுத்து, நுனியில் இரும்பு முறுக்காணிகளோடு கனத்த தலை.

"பேச்சி, பங்குனித் திருவிழா வரைக்கும் பாப்போம்" என்றார் கண்ணுசாமி. "சரிப்படலேன்னா கிட்டார் பார்ட்ட கீபோர்டுலயே போட்டுக்கிருவோம். நீ கோரஸ் பாடு."

"என் கொரலக் கேட்டுட்டுத்தான் பேசுறீகளாண்ணே?"

சிரித்துவிட்டார்களே தவிர, கண்ணுசாமி சொன்னது விளையாட்டில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கிட்டார் மாட்டும் தோல் பட்டையாவது அகலமாக இருக்கட்டும் என்று நாகல் நகரில் ஃபாரிஸின் தோல் பைக் கடைக்குப் போனார். ஃபாரிஸ் கிட்டாரைத் தூக்கிப் பார்த்தார். "பட்டைய அகலமாக்குனா பாரம் கொறஞ்சிருமாக்கா? மாடிக்குப் போங்க. எங்க வீட்டம்மாவுக்கு இதுதான் கிறுக்கு."

ஃபாரிஸின் மனைவி நஸீரா கோயம்புத்தூரில் அலுவலக நாற்காலிகளை வடிவமைத்தவர். மனிதர் எப்படி உட்கார்ந்தால் முதுகு நோகாது என்று யோசிப்பதுதான் அவர் வேலை. ஊர் திரும்பியதும் அந்த யோசனை கிட்டார் பக்கம் திரும்பிவிட்டது. மாடி முழுக்க மரத்தூள். கேட்பவர் உடம்புக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகச் செய்கிறார்.

நஸீரா உடனே அளவு டேப்பை எடுக்கவில்லை. "வாசிங்கக்கா. செத்த நேரம் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "இப்ப இடது கைய எடுங்க."

கையை எடுத்ததும் கிட்டாரின் கழுத்து சரேலென்று கீழே சாய்ந்தது.

"பாத்தீங்களா? அந்தக் கை தந்தியையும் அமுக்குது, கிட்டாரையும் தூக்கிப் புடிக்குது. ஒரு கைக்கு ரெண்டு வேல."

"என் வீட்டுக்கு வந்து பாரும்மா. அங்க நாலு வேல."

முதலில் அட்டையில் ஒரு கிட்டார் வெட்டினார் நஸீரா. முத்துப்பேச்சி அதை மாட்டிக்கொண்டு நின்றார், உட்கார்ந்தார், குனிந்தார். எலும்பில் இடித்த இடமெல்லாம் கத்தரிக்கோலுக்குப் போனது. அட்டை ஒத்துவந்த பிறகுதான் மரம். எடை குறைந்த மலைவேம்பு, உள்ளே குடைந்து கூடாக்கியது. கூடென்றால் ஸ்பீக்கர் முன்னால் ஊளையிடும் என்பதால் நடுவில் மட்டும் ஒரு கட்டையைக் குடையாமல் விட்டார். முதுகுப்புறம் விலாவில் படிகிற மாதிரி வளைவு, முன்கை சாயும் விளிம்பில் சரிவு. தலையே கிடையாது. தந்திகள் கழுத்து முனையில் பூட்டப்பட்டு, முறுக்காணிகள் அடிப்பக்கம் போய்விட்டன. கையை எடுத்தாலும் கிட்டார் வைத்த இடத்திலேயே நின்றது.

முத்துப்பேச்சி அதை மாட்டிக்கொண்டு தோளைக் குலுக்கிப் பார்த்தார். "மாட்டியிருக்கேனா இல்லையான்னே தெரியலயே" என்றார்.

மேடைக் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் கண்ணுசாமி நிகழ்ச்சியைத் தொடங்குவார். கிட்டாருக்குத் தலையில் வைப்பது வழக்கம். புதியதைக் கண்டதும் விரலில் சந்தனத்தோடு தடுமாறினார். "என்ன பேச்சி, கெடா வெட்டுன மாதிரி இருக்கு? பொட்ட எங்க வைக்கிறது?"

"வயித்துல வைங்கண்ணே. நெறமாசம் மாதிரி இருக்கட்டும்."

முதல் பாட்டிலேயே குளறுபடி. கிட்டார் இசை முடிந்து பாடகி சரணத்தை எடுத்தார். பின்னால் ஆக்டோபேட் என்ற மின்தாளக் கருவி வாசிக்கும் முகேஷ்குமார் பழைய தாளத்திலேயே போய்க்கொண்டிருந்தான். அடுத்த பாட்டில் முன்கூட்டியே நிறுத்திவிட்டான். மூன்றாவதில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். "பாட்டுக் கச்சேரின்னு சொன்னாக, பஞ்சாயத்தால்ல நடக்குது" என்று முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

இறங்கியதும் கண்ணுசாமி பொரிந்தார். "ஒன் கை தேறிருச்சு, கச்சேரி படுத்துருச்சே! எரியோடு பங்குனித் திருவிழாவுலயும் இப்படி ஆச்சுன்னா கீபோர்டுதான், சொல்லிட்டேன்."

"நான் எங்கயும் தப்பு விடலயேண்ணே. ஏலே முகேஷு, ஒனக்கு என்னடா ஆச்சு?"

முகேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னால ஒக்காந்திருக்கேன். ஒங்க மூஞ்சியோ கையோ எனக்கு என்னைக்குத் தெரிஞ்சுச்சு? பொட்டிக்கு மேல கிட்டார் தலை மட்டும் நீட்டிக்கிட்டிருக்கும். ஒங்க பீஸ் முடியிறப்ப அது ஒரு சாய் சாயும். நான் கட் பண்ணுவேன். இன்னைக்கு அதக் காணமே."

"நான் எப்படா சாச்சேன்?"

"எப்பவுமே சாப்பீங்கக்கா. நீங்க குடுக்குற சிக்னல்னுல்ல நெனச்சேன்."

அவர் எந்தச் சைகையும் கொடுத்ததில்லை. இசைத்துண்டு முடியும் நொடியில் இடது கையைக் கொஞ்சம் தளர்த்துவார்; வலி தாங்காமல் எடுத்துக்கொண்ட ஓய்வு அது. கனத்த தலை அதோடு தொங்கும். ஆறேழு பேர் கொண்ட குழு இத்தனை வருடமாக அவருடைய களைப்பைப் பார்த்துத்தான் தாளம் முடித்திருக்கிறது.

செய்தி கேட்டு நஸீரா போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "ஒங்க ஒடம்பத்தான் அளந்தேன் அக்கா, ஒங்களப் பாத்து வாசிக்கிற ஆள மறந்துட்டேன். நுனியில சும்மா ஒரு மரத்தலை ஒட்டித் தரட்டா? கனமே இருக்காது."

முத்துப்பேச்சி யோசித்தார். தலை ஒட்டலாம், ஆனால் வலி போன கை இனித் தளராது, ஒட்டிய தலையும் சாயாது. சாய்ப்பதற்கென்று தனியாக ஒரு பழக்கம் ஏற்படுத்த வேண்டும். அதைவிட, தான் ஏன் எப்போதும் அந்த ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டி நிற்கிறோம் என்ற கேள்வி வந்தது. விடை எளிது. பாரம் தாங்காமல் இடுப்பை அதில் சாய்த்துக்கொள்வதற்காக.

"ஒட்ட வேணாம்மா. நான் எடத்த மாத்திக்கிறேன்."

எரியோட்டில் மேடையேறியதும் முத்துப்பேச்சி பெட்டியைத் தாண்டி நேரே பின்னால் போய் முகேஷ்குமாருக்குப் பக்கத்தில் நின்றார். "ஜனத்துக்கு நீ தெரிய மாட்டியே" என்று கண்ணுசாமி முணுமுணுத்தார். "காது கேக்கும்லண்ணே" என்றார் அவர். சொல்லிவைத்தபடி, இசை முடியும்போது ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். முகேஷ்குமார் கச்சிதமாக வெட்டினான். பாடகி சரியாக உள்ளே வந்தார். இரண்டாவது பாட்டும் அப்படியே. மூன்றாவதில் முத்துப்பேச்சி அடி எடுத்து வைப்பதோடு நிற்கவில்லை. வாசித்தபடியே மேடை விளிம்பு வரை நடந்து வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் மேடையில் நடந்து யாரும் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் விசில் பறந்தது.

நிகழ்ச்சி முடிந்து வேனில் பெட்டிகளை ஏற்றும்போது கண்ணுசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு ஒட்டன்சத்திரம். வண்டி நாலு மணிக்கு. காக்க வைக்காத."

"கோரஸுக்காண்ணே, கிட்டாருக்கா?"

"ஒன் கொரலுக்கு எவன் வண்டி அனுப்புவான்? ஏறு."

முத்துப்பேச்சி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நஸீராவை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அவர்.

"என்னாச்சுக்கா? சொதப்பிருச்சா?"

"நாளைக்கும் போறேம்மா."

மறுமுனையில் நஸீரா மூச்சுவிடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! இங்க இவரும் நானும் இன்னும் சாப்பிடாம ஒக்காந்திருக்கோம்."

"போயிச் சாப்பிடுங்க, ரெண்டு பேரும்" என்றார் முத்துப்பேச்சி. வேன் கிளம்பியது.